இணைய வானொலி: அடுத்த பாட்டை யார் போடுகிறார்கள்?

"நான் இன்னும் ரேடியோதான் கேக்கறேன், ஆனா நெட்ல" என்று ஒருவர் சொன்னால், அவர் எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். செயலி வழியாக ஆகாசவாணியைக் கேட்கலாம். சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 ஆக இருக்கலாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டைத் தட்டிவிட்டு, அது முடிந்ததும் தானாக ஓடும் பாட்டுகளாக இருக்கலாம். யூடியூபில் யாரோ கோத்துப் போட்ட மூன்று மணி நேர மழைக்காலப் பாட்டுத் தொகுப்பையும் சிலர் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள்.

இப்படி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால் இரண்டு பேச்சுகள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. ஒன்று, "அது என் மனசைப் படிச்சிடுது." இன்னொன்று, "இந்த அல்காரிதம் வந்து நம்ம ரசனையையே கெடுத்துடுச்சு." இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எந்த வகை வானொலியைப் பற்றிப் பேசுகிறோம், அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எவ்வளவு உண்மை என்று சொல்ல முடியாது.

ஸ்பீக்கரும் போனும்

ஊர்த் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறார்கள். எத்தனை வீட்டில் கேட்கிறார்கள், யார் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள் என்று பாட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது. இன்னும் நூறு பேர் வந்து நின்று கேட்டாலும் அவருக்குக் கூடுதல் செலவு இல்லை. அதே ஆள் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு, ஊரில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டு அதே பாட்டைக் கேட்கவைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். யார் எந்த வரியில் போனை வைத்தார்கள் என்பதும் தெரியும். ஆள் கூடக் கூட போன் செலவும் ஏறும்.

காற்றலை வானொலி ஸ்பீக்கர் மாதிரி. கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை போய்க்கொண்டே இருக்கும். திரும்பி எதுவும் வராது. இணைய வானொலியில் ஒவ்வொரு நேயருக்கும் நிலையத்தின் சர்வரிலிருந்து, அதாவது பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து, ஒரு தனித் தொடர்பு போகிறது. அந்தத் தொடர்பு இருவழிப் பாதை. இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து முளைப்பவைதான்.

திரும்பி வரும் வழி இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1952-இல் பி.வி. கேஸ்கர் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சாஸ்திரிய இசைதான் நாட்டுக்கு நல்லது என்று நம்பியவர். அவர் காலத்தில் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போனது. நேயர்கள் சண்டை போடவில்லை. முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்குப் போய்விட்டார்கள். அமீன் சயானியின் இந்திப் பாட்டு நிகழ்ச்சி வடக்கே கொடிகட்டிப் பறந்தது. தமிழ்நாட்டில் அதன் தமிழ் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும், பிற்பாடு கே.எஸ். ராஜாவும், பி.எச். அப்துல் ஹமீதும் வீட்டு மனிதர்கள் மாதிரி ஆனார்கள். டெல்லி அசைந்து கொடுத்து, சினிமாப் பாட்டுப் போடும் விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-இல். நேயர்கள் முள்ளைத் திருப்பியதற்குப் பதில் கிடைக்க ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. இன்றைக்கு ஒரு செயலியில் நீங்கள் பாட்டைத் தள்ளிவிட்டால், அடுத்த பாட்டிலேயே பதில் வந்துவிடலாம்.

இதுவரை: காற்றலை ஒருவழி, இணையம் இருவழி. ஒருவழியில் நேயர் கூட்டத்தில் ஒருவர். இருவழியில் அவருக்கென்று தனிக் கம்பி, தனிக் கணக்கு.

ஒரு மணி நேரத்துக்கு 58 எம்.பி.

ஒலியை எண்களாக மாற்றித்தான் இணையத்தில் அனுப்ப முடியும். ஒரு நொடி ஒலிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பதை பிட்ரேட் என்பார்கள். சிடி தரத்தில் அது நொடிக்குச் சுமார் 1,411 கிலோபிட். இதை அப்படியே அனுப்பினால் கட்டுப்படியாகாது. எம்.பி.3 போன்ற சுருக்கும் முறைகள், காது கவனிக்காத பகுதிகளைக் கழித்துவிட்டு 128 கிலோபிட்டுக்குள் அடக்கிவிடுகின்றன. கணக்குப் போட்டால் மணிக்குச் சுமார் 58 எம்.பி.

அனுப்பும் பக்கம் இது நேயர் எண்ணிக்கையால் பெருகும். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் மடங்கு. இணையம் இன்னும் குழந்தையாக இருந்த 1994 நவம்பரில், அமெரிக்காவின் சாப்பல் ஹில் நகரில் ஒரு மாணவர் வானொலி, டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி., தன் ஒலிபரப்பை இணையத்திலும் விட்டது. மறுவருடம், இணையத்தில் ஒலியை வர வரக் கேட்கவைக்கும் ரியல் ஆடியோ என்ற மென்பொருள் வந்தது. 1990-களின் கடைசியில் ஷவுட்காஸ்ட் என்ற மென்பொருள் வந்த பிறகு, லைசென்ஸும் கோபுரமும் இல்லாமல் வீட்டு மேசையிலிருந்தே யார் வேண்டுமானாலும் நிலையம் நடத்தலாம் என்றானது. பாட்டு ரசனை உள்ளவர்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே ராத்திரியில் நிலையம் நடத்திய காலம் அது. நேயர்கள் பெருகினால் சந்தோஷத்தோடு சர்வர் பில்லும் சேர்ந்து வந்தது.

கேட்கும் பக்கமும் இதே கணக்குதான். மாதம் ஒரு ஜி.பி. பேக் போட்டுக் காலம் தள்ளிய நாட்களில், மொத்தமாகவே 17 மணி நேரம் கேட்டால் டேட்டா காலி. அதனால்தான் நம் ஊரில் செல்போன் கடைக்குப் போய் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொண்டு வந்தோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் ஸ்ட்ரீமிங், அதாவது கோப்பைச் சேமிக்காமல் வர வரக் கேட்பது, இங்கே சாதாரணப் பழக்கமானது. ரசனை மாறியது என்று நாம் சொல்வதில் பாதி, விலை மாறியதுதான்.

இன்னொரு சின்ன விஷயம். இணையத்தில் துண்டுகள் சீராக வராது. ஒரு நொடி நெருக்கும், ஒரு நொடி விட்டுத் தரும். அதைச் சமாளிக்க, செயலி சில நொடி ஒலியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் பாடத் தொடங்கும். அந்தக் கையிருப்புக்குப் பெயர் பஃபர். பக்கத்து வீட்டுப் பழைய டிரான்சிஸ்டரில் விக்கெட் விழுந்து அவர்கள் கத்தி முடித்த பிறகு உங்கள் போனில் பந்து வீசப்படுவது இதனால்தான்.

மூன்று விதம்

சரி, இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வரலாம். அடுத்த பாட்டை யார் போடுகிறார்கள் என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

முதல் வகையில் நிலையம் போடுகிறது. ஒரே நேரத்தில் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஆகாசவாணி, மலேசியாவின் மின்னல் எஃப்.எம்., இலங்கையின் சூரியன், சக்தி எல்லாம் காற்றிலும் இணையத்திலும் வருபவை. இணையத்தில் மட்டும் இருக்கும் நிலையங்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் சோமா எஃப்.எம். 2000-இல் தொடங்கியது; விளம்பரமே கிடையாது, நேயர் நன்கொடையில் ஓடுகிறது. அதே வருடம் கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரில் பில் கோல்ட்ஸ்மித், ரெபெக்கா தம்பதி தொடங்கிய ரேடியோ பாரடைஸும் அப்படித்தான். மனிதர் பாட்டைத் தேர்ந்தெடுத்து ஒன்றோடு ஒன்று கோக்கிறார். கம்பி தனித்தனி என்றாலும் பாட்டு எல்லோருக்கும் ஒன்றே.

இரண்டாம் வகையில் நீங்கள் ஒரு பாடகரையோ பாட்டையோ விதையாகக் கொடுக்கிறீர்கள். நிரல் ஒன்று உங்களுக்கு மட்டும் ஒரு வரிசையை உருவாக்கிக்கொண்டே போகிறது. இந்த நிரலைத்தான் அல்காரிதம் என்று பொதுவாகத் திட்டுகிறோம். 2005-இல் வந்த பண்டோரா என்ற அமெரிக்கச் சேவை இதற்குப் பெயர்பெற்ற உதாரணம்.

மூன்றாம் வகையில் நீங்களே போடுகிறீர்கள். கேட்ட பாட்டு கேட்ட நேரத்தில். இதை வானொலி என்று சொல்வது வழக்கத்தால்தான்.

இப்படிப் பிரிப்பது வெட்டி வேலை மாதிரித் தோன்றலாம். அமெரிக்கச் சட்டமே இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். அங்கே 1998-இல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டப்படி, ஒவ்வொரு இசை நிறுவனத்திடமும் தனித்தனியாக அனுமதி கேட்காமல், நிர்ணயித்த கட்டணம் கட்டி இணைய வானொலி நடத்தலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் ஒரே கலைஞரின் பாட்டு நான்குக்கு மேல் கூடாது, ஒரே ஆல்பத்திலிருந்து மூன்றுக்கு மேல் கூடாது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டி அறிவிக்கக் கூடாது. நேயர் கேட்டதும் அந்தப் பாட்டையே போடவும் கூடாது. இவற்றை மீறினால் அது வானொலி இல்லை, கடை. தனியாகப் பேரம் பேச வேண்டும்.

பண்டோராவில் ஒரு நிலையத்தில் மணிக்கு ஆறு பாட்டைத்தான் தள்ளிவிட முடியும் என்ற கட்டுப்பாடு இருந்தது. நேயர்கள் அதைக் கஞ்சத்தனம் என்று திட்டினார்கள். உண்மையில் அது உரிமத்தின் எல்லை. 2007-இல் பண்டோரா அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நேயர்களை நிறுத்தியதற்கும் உரிமம்தான் காரணம். அதே வருடம் ஒரு பாட்டுக்கு, ஒரு நேயருக்கு என்று கணக்கிடும் கட்டணத்தை அங்கே உயர்த்தப்போவதாக முடிவானபோது, ஜூன் 26 அன்று பல இணைய வானொலிகள் ஒருநாள் வாயை மூடிக்கொண்டன. காற்றலை வானொலிக்கு இந்தத் தலைவலி இருந்திருக்க முடியாது. அதற்குத்தான் நேயரை எண்ணவே தெரியாதே.

சுருக்கமாக: முதல் வகையில் நிலையம், இரண்டாம் வகையில் நிரல், மூன்றாம் வகையில் நீங்கள். மனசைப் படிக்கும் பேச்சும் ரசனை கெட்ட பேச்சும் இரண்டாம் வகையைப் பற்றியவை.

மனசைப் படிக்கிறதா?

படிக்கவில்லை. இரண்டு பழைய வழிகள் இருக்கின்றன, இன்றைய சேவைகள் அவற்றைக் கலந்து பயன்படுத்துகின்றன.

ஒரு வழி, பாட்டைப் பார்ப்பது. பண்டோராவில் இசை படித்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். ஒருவர் ஒரு பாட்டை இருபது, முப்பது நிமிஷம் கேட்டு, தாளம், குரலின் தன்மை, வாத்தியங்கள் என்று ஏறத்தாழ 450 குணங்கள் வரை குறிப்பார். ஒரே மாதிரிக் குணங்கள் உள்ள பாட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வரும். பாடகர் பிரபலமா இல்லையா என்பது இங்கே பொருட்டில்லை. யாருக்கும் தெரியாத ஒருவரின் பாட்டும், குணம் பொருந்தினால், பெரிய பாடகருக்கு அடுத்து வரலாம். இது எனக்குப் பிடித்த வழி. ஆனால் மெதுவானது, ஆள் உட்கார்ந்து கேட்காத பாட்டு பட்டியலிலேயே இருக்காது.

இன்னொரு வழி, பாட்டைக் கேட்கவே கேட்காது, ஆட்களைப் பார்க்கும். உங்களுக்கும் இன்னொருவருக்கும் நாற்பது பாட்டு பொதுவாகப் பிடித்திருக்கிறது. அவர் விரும்பிக் கேட்கும் நாற்பத்தோராவது பாட்டை நீங்கள் இன்னும் கேட்டதில்லை என்றால், அதை உங்களுக்குப் போட்டுப் பார்ப்பது. இதைக் கூட்டு வடிகட்டல் என்கிறார்கள். 1990-களின் நடுவிலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ரிங்கோ என்ற அமைப்பு இதை மின்னஞ்சல் வழியாகச் செய்தது. 2002-இல் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற மாணவர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு புராஜெக்டாக, கணினியில் ஓடும் ஒவ்வொரு பாட்டையும் தானாகக் குறித்துக்கொள்ளும் நிரலை எழுதினார். அது பிறகு லாஸ்ட் எஃப்.எம். சேவையோடு இணைந்தது. ரிங்கோவில் நேயர் மெனக்கெட்டு மதிப்பெண் போட வேண்டும். இதில் சும்மா கேட்டாலே போதும். எனக்கு இதுதான் பெரிய திருப்பமாகப் படுகிறது: கேட்பதே வாக்குப் போடுவதாகிவிட்டது.

அதனால் நிரலுக்குத் தெரிவது உங்கள் மனசு இல்லை, விரல். எதை முழுதாகக் கேட்டீர்கள், எதை எத்தனையாவது நொடியில் தள்ளினீர்கள், எதைத் திரும்பப் போட்டீர்கள், ராத்திரி என்ன, காலையில் என்ன. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு பாட்டு 'கேட்கப்பட்டது' என்று கணக்கில் ஏறும். குக்கர் விசில் அடித்து எழுந்து போனதால் பாட்டு முழுதும் ஓடியதா, உருகிக் கேட்டதால் ஓடியதா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது.

நம் பாட்டுகள் இதில் எங்கே உட்காருகின்றன

ஒவ்வொரு பாட்டுக் கோப்போடும் ஒரு விவரக் குறிப்பு வரும்: பெயர், கலைஞர், ஆல்பம், வருடம். இதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். மேற்கத்திய பாப் இசையில் பாடுகிறவர்தான் கலைஞர், பெரும்பாலும் கதை அத்தோடு முடிந்தது. தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு இசையமைப்பாளர் ஒருவர், பாடகர்கள் இரண்டு பேர், பாடலாசிரியர் ஒருவர். நாம் "ராஜா பாட்டு" என்று ஒரு நேரமும் "எஸ்.பி.பி. பாட்டு" என்று இன்னொரு நேரமும் ஒரே பாட்டைச் சொல்வோம். கலைஞர் என்ற ஒரே பெட்டியில் எல்லாரையும் அள்ளிப் போட்டால், உங்களை இழுத்தது குரலா மெட்டா என்று நிரல் எப்படிப் பிரிக்கும்?

கர்நாடக இசையில் இது இன்னும் மோசம். கல்யாணி கேட்டுவிட்டு, இன்னொருவர் பாடிய கல்யாணி கேட்கத் தோன்றும் ரசிகருக்கு ராகம்தான் சாவி. பொதுவான சேவைகளில் ராகத்துக்கென்று தனிப் பெட்டி பெரும்பாலும் கிடையாது. அது பாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்த இடத்தில் முதல் வகை வானொலி ஜெயிக்கிறது. ஆகாசவாணி 2016 ஜனவரி 26 முதல் சாஸ்திரிய இசைக்கென்றே 24 மணி நேரமும் 'ராகம்' என்ற அலைவரிசையை நடத்துகிறது. அங்கே அடுத்து என்ன என்று முடிவு செய்பவருக்கு ராகம் என்றால் என்ன என்று தெரியும்.

பழக்கம் எங்கே மாறியது

முதல் மாற்றம் பொறுமையில். காற்றலையில் பிடிக்காத பாட்டு வந்தால் நான்கு நிமிஷம் சகித்துக்கொள்வோம், ஏனென்றால் அடுத்தது பிடித்ததாக இருக்கலாம். அப்படிச் சகித்த பாட்டுகளில் சில பத்தாவது தடவையில் பிடித்துப்போகும். அடிக்கடி எதிர்ப்படுவதே ஒன்றின்மேல் பிடிப்பை வளர்க்கும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இலேயே சோதனைகளால் காட்டியிருக்கிறார். தள்ளிவிடும் பொத்தான் அந்தப் பத்தாவது தடவையை வரவிடுவதில்லை. நீண்ட முன்னிசையோடு மெதுவாகத் தொடங்கும் பாட்டுகள்தான் இதில் முதலில் அடி வாங்குகின்றன என்பது என் சந்தேகம்.

ரசனை குறுகுகிறதா என்ற கேள்விக்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018-இல் தத்தா, நாக்ஸ், பிரானன்பெர்க் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஸ்ட்ரீமிங்குக்கு மாறியவர்கள் முன்பைவிட அதிகமாகவும், முன்பைவிடப் பலதரப்பட்ட பாட்டுகளையும் கேட்டார்கள் என்று தெரிந்தது. 2020-இல் ஸ்பாட்டிஃபையின் ஆய்வாளர்களே வெளியிட்ட இன்னொன்றில், நிரல் போட்டுக் கேட்கும்போது வகை குறைவாகவும், தானாகத் தேடிக் கேட்கும்போது அதிகமாகவும் இருந்தது. காலப்போக்கில் ரசனை விரிந்தவர்கள், நிரலை விட்டுத் தானே தேடுவதற்கு நகர்ந்தவர்களாக இருந்தார்கள். இரண்டும் மோதவில்லை. கதவு பெரிதாகத் திறந்தது. ஆனால் நிரல் கைபிடித்து அழைத்துப்போகிறவர்கள் வாசலுக்குப் பக்கத்திலேயே சுற்றுகிறார்கள்.

"நேத்து ராத்திரி ரேடியோல போட்டானே, கேட்டியா?" என்று இரண்டாம் வகைக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்க முடியாது. ஒரே டீக்கடையில் நான்கு பேர் நான்கு இயர்போன். இதை இழப்பு என்று ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அந்தக் காலத்து டீக்கடையில் கடைக்காரருக்குப் பிடித்ததைத்தான் எல்லோரும் கேட்டோம்.

முதல் வகையில் மாறியது வேறு: நேரமும் தூரமும். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதனால் அங்கே காலை நிகழ்ச்சி களைகட்டும்போது சென்னையில் இன்னும் விடிந்திருக்காது. டொராண்டோவில் குளிர்கால இரவு ஏழரைக்குச் சமைத்துக்கொண்டே கேட்பவருக்குச் சென்னையின் காலை ஆறு மணிப் பக்திப் பாட்டு வருகிறது. சுப்ரபாதம் ராத்திரிச் சமையலுக்குப் பொருந்துமா என்றால், ஊரை விட்டு வந்தவர்களுக்குப் பொருந்துகிறது.

கணக்கு கலங்காமல் இருக்க

வீட்டில் ஒரே கணக்கில் எல்லோரும் கேட்பதுதான் நிரலைப் பற்றிய புகார்களில் பாதிக்குக் காரணம். குழந்தையைத் தூங்கவைக்க ஒரு வாரம் தாலாட்டு ஓடினால், அடுத்த வாரம் உங்கள் 'ரேடியோ' முழுக்கத் தாலாட்டாகத்தான் இருக்கும். ஸ்பாட்டிஃபையில் தனிப்பட்ட அமர்வு என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கேட்டால் அது உங்கள் ரசனைக் கணக்கில் பெரிதாகச் சேராது. குறிப்பிட்ட பாட்டுப் பட்டியலைக் கணக்கிலிருந்து விலக்கவும் வழி உண்டு. யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம். ஏற்கெனவே கலங்கிப்போயிருந்தால், கொஞ்ச நாள் பிடித்த பாட்டுகளை நீங்களே தேடிப் போட்டு முழுதாகக் கேளுங்கள். நிரல் மெல்ல வழிக்கு வரும். அதுவரை எந்த நிரலும் இல்லாத ஒரு முதல் வகை நிலையத்தை ஓடவிடலாம், அங்கே உங்கள் வீட்டுத் தாலாட்டுக் கணக்கு யாருக்கும் தெரியாது.